தண்ணீர் தூங்கும் நேரம்

நாமக்கல் புறவழிச்சாலையோரம் ஒரு லாரி நிறுத்தம். கிழக்கு வெளுக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. டீக்கடையில் பால் கொதிக்க ஆரம்பித்திருந்தது. வரிசையாக நின்ற வண்டிகளில் ஒன்றின் அடியில் மட்டும் டார்ச் வெளிச்சம் அசைந்தது. எட்டிப் பார்த்தேன். அறுபதை நெருங்கும் ஓட்டுநர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கழுத்தை வெட்டிய தண்ணீர் பாட்டிலை டீசல் ஃபில்டரின் கிண்ணத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் கிளீனர் பையன் கேபினில் ஏறிச் சாவியை எடுத்துவிட்டான்.

"டேய், எறங்குடா! தண்ணி தூங்கிட்டிருக்குது. எழுப்பி உட்டுட்டுப் புடிக்கச் சொல்றியா?"

"இல்லீங்ணா, பிரேக்குக்கு ஏர் ஏறட்டுமுன்னு..."

"ஏர் அப்புறம் ஏறும். மொதல்ல தண்ணி எறங்கட்டும்."

கிண்ணத்தின் அடியில் இருந்த திருகை அரைச்சுற்றுத் தளர்த்தினார். முதலில் கண்ணாடி மணி மாதிரி சில துளிகள் விழுந்தன. பிறகு கலங்கலாக ஒரு ஒழுக்கு. அதன் பின் தெளிந்த மஞ்சள் டீசல். திருகை இறுக்கிவிட்டுப் பாட்டிலை டார்ச் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மேலே டீசல், அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மெல்லிய ஏடு. "நேத்து ராத்திரி பத்து மணிக்கு நிறுத்துனதுங்க சார். இப்பத்தான் எல்லாம் கீழ வந்து உக்காந்திருக்குது" என்றார்.

அந்த ஓட்டுநர் இயற்பியல் படித்தவரில்லை. ஆனால் 'தண்ணி தூங்கிட்டிருக்குது' என்று அவர் சொன்ன இரண்டு சொல்லில் ஒரு முழு விதி அடங்கியிருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த விதியைப் பற்றியது.

கட்டைவிரல் நகத்தில் 2 டன்

தண்ணீர் என்றால் டீசல் என்ஜினுக்கு ஏன் இத்தனை பயம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் என்ஜினில் அது கிடையாது. காற்றை மட்டும் அழுத்திச் சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோலத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினுக்கும் இன்று நம் சாலையில் ஓடும் பன்னிரண்டு சக்கர வண்டிக்கும் இந்த அடிப்படை ஒன்றுதான். மாறியது தூவும் விதம்.

தூவல் எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு முழுமையாக எரியும், புகை குறையும். அதற்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். பழைய பம்ப் வண்டியில், டீசலைத் தூவும் முனையான நாசில் 200 பார் அளவில் திறந்துகொள்ளும். 1995-இல் ஜப்பானில் ஹினோ லாரியில் டென்சோ நிறுவனம் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. ஒரே குழாயில் டீசலை உச்ச அழுத்தத்தில் தேக்கி வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் திறந்துவிடுவது அந்த முறை. இன்றைய வண்டிகளில் அந்த அழுத்தம் 2,000 பாரைத் தொடுகிறது. உங்கள் கட்டைவிரல் நகத்தின் மேல் 2 டன் எடையை வைத்தால் வரும் அழுத்தம் அது. உலகிலேயே ஆழமான கடற்பள்ளத்தின் அடியில் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்த அழுத்தத்தில் டீசல் கசியாமல் இருக்க, அதைத் தூவும் இன்ஜெக்டருக்குள் ஊசிக்கும் உறைக்கும் இடையே விடும் இடைவெளி 1 முதல் 3 மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த இடைவெளிக்குள் தனியாக ஆயில் போக வழியில்லை. வழுக்கிக்கொடுக்கும் வேலையையும் டீசலே பார்க்கிறது. டீசலுக்கு எண்ணெய்ப்பசை உண்டு, தண்ணீருக்குக் கிடையாது. 1,800 சுற்றில் ஓடும் என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 15 முறை டீசல் பாய வேண்டும். புதிய வண்டிகளில் ஒவ்வொரு பாய்ச்சலும் இரண்டு மூன்று தவணையாகப் பிரிவதால், ஊசி நொடிக்கு 40 தடவைக்கும் மேல் மேலும் கீழும் ஓடலாம். அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டுத் தண்ணீர் குறுக்கே வந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். சூடான நாசில் முனைக்கு வந்து சேரும் தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெடிக்கும், முனையை அரிக்கும். வண்டி நின்ற பிறகு மிச்சமிருக்கும் ஈரம் துருவாகும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கக் கிடைக்கும் பி.எஸ்.-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முந்தைய பி.எஸ்.-4 டீசலில் 50 பங்கு. கந்தகத்தை நீக்கும் சுத்திகரிப்பில், டீசலோடு இயற்கையாக வரும் வழுக்குப் பொருள்களும் கொஞ்சம் போய்விடுகின்றன. அதை ஈடுகட்ட ஆலையிலேயே வழுக்குச் சேர்மானம் கலந்துதான் அனுப்புகிறார்கள். காற்றுக்கு நல்லது நடந்திருக்கிறது. இன்ஜெக்டருக்கோ பழைய தாராளம் போய்விட்டது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

'பங்க்கில் தண்ணியைக் கலந்துட்டான்' என்பதுதான் பட்டறையில் முதலில் கேட்கும் வசனம். சில சமயம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் யாரும் கலக்காமலே தண்ணீர் வரும்.

முதல் வழி, சட்டப்படியே வருவது. பி.எஸ்.-6 தரநிர்ணயம் ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை தண்ணீரை அனுமதிக்கிறது. 300 லிட்டர் டீசல் சுமார் 250 கிலோ. கணக்குப் போட்டால் 50 மில்லி. ஆக, ஒரு குறையும் சொல்ல முடியாத டீசலை நிரப்பினாலும் கால் தம்ளர் தண்ணீர் கூடவே ஏறியிருக்க இடமுண்டு. அதில் ஒரு பகுதி கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டீசல் சூடாக இருக்கும்போது கூடுதலாகக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில், எரிந்தது போக மிஞ்சிய டீசல் என்ஜின் சூட்டோடு டேங்க்குக்குத் திரும்புகிறது. இரவில் டேங்க் குளிர்ந்ததும், கரைந்திருந்த தண்ணீரில் கொஞ்சம் துளியாகப் பிரிந்து வெளியே வரும்.

இரண்டாவது வழி காற்று. டீசல் தீரத் தீர அந்த இடத்தை வெளிக்காற்று நிரப்புகிறது. 'பாதி டேங்க்கோடு நிறுத்தாதே, வேர்த்துப்போகும்' என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். சொல்வது சரி, ஆனால் எவ்வளவு? ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரியில் அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம். டேங்க்கில் 300 லிட்டர் காலியிடம் இருந்து, ஈரம் முட்டிய காற்று 10 டிகிரி குளிர்ந்தால், வேர்க்கும் தண்ணீர் 4 கிராம். ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. ஒரே ராத்திரியில் வண்டியைக் கவிழ்க்கும் அளவு இல்லை. ஆனால் அடுத்த நாள் புதுக்காற்று, அடுத்த இரவு இன்னொரு தேக்கரண்டி என்று மழைக்காலம் முழுக்க நடந்தால், ஒரு மாதத்தில் அரைத் தம்ளர் சேர்ந்துவிடும்.

மூன்றாவது வழிதான் பலரை ஏமாற்றுவது: பீப்பாய். திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. பங்க் இல்லாத காட்டில் வேலை என்றால் 200 லிட்டர் பீப்பாயில் டீசல் கூடவே போகும். செங்குத்தாக நிறுத்திய பீப்பாயின் மேல்தட்டைப் பாருங்கள். சுற்றிலும் விளிம்பு உயர்ந்து ஒரு தாம்பாளம் மாதிரி இருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். மூடி அந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் மரை வழியாகக் கொஞ்சம் வெளியேறும். இரவு குளிரில் சுருங்கும்போது போன காற்றுக்கு ஈடாக எதையாவது உள்ளே இழுக்க வேண்டும். பாதிப் பீப்பாயில் இருக்கும் 100 லிட்டர் காற்று 20 டிகிரி மாறினால் கனஅளவு 6, 7 லிட்டர் கூடிக் குறையும். மூடியின் மேல் தண்ணீர் நின்றால் அது உறிஞ்சுவது தண்ணீரைத்தான். மூடி இறுக்கமாகத்தானே இருந்தது என்று அடித்துச் சொல்வார்கள். கையால் இறுக்கிய மரைக்கு இந்த மூச்சை அடக்கும் வலு கிடையாது. பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் டீசல் மட்டத்துக்குக் கீழே, கிடைமட்டக் கோட்டில் இருக்கும்படி வைப்பதே இதற்கு வைத்தியம். மூடி டீசலில் நனைந்தபடியே இருந்தால் காற்றும் போகாது, தண்ணீரும் வராது.

ஸ்டோக்ஸ் போட்ட கணக்கு

வந்த தண்ணீர் என்ன ஆகிறது? ஒரு லிட்டர் டீசல் சுமார் 830 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். கனமானது கீழே போகும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் எவ்வளவு நேரத்தில் போகும் என்பதில்தான் லாரியின் ஆயுள் இருக்கிறது.

அயர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1851-இல் இதற்கு விடை சொன்னார். திரவத்துக்குள் விழும் சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒரு பங்கானால் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். லாரி டேங்க்கில் டீசல் அரை மீட்டர் உயரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முடியைவிடக் கொஞ்சம் தடிமனான, 100 மைக்ரான் துளி மேலிருந்து அடிக்கு வந்துசேர அரைமணி நேரம் போதும். 10 மைக்ரான் துளிக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வேண்டும். 5 மைக்ரான் என்றால் ஒரு வாரம்.

இப்போது அந்த ஓட்டுநர் சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை வண்டி அசையாமல் நின்றதால், டேங்க்கில் மட்டுமல்ல, ஃபில்டர் கிண்ணத்திலும் பெரிய துளிகளும் நடுத்தரத் துளிகளும் அடிக்கு வந்துவிட்டன. சாவியைத் திருப்பியிருந்தால் பம்ப் உறிஞ்சத் தொடங்கும். திரும்பி வரும் டீசல் டேங்க்கைக் கலக்கும். வண்டி நகர்ந்தால் டேங்க்குக்குள் மோர் கடைந்த மாதிரிதான். கலங்கி உடைந்த துளி மறுபடி உட்கார இன்னொரு இரவு வேண்டும். டிரிப் முடிந்து வந்து நின்ற கையோடு திருகைத் திறந்துபார்த்து, 'சுத்தமா இருக்குது' என்று மூடிவிடுகிறார்கள் பலர். தண்ணீர் அப்போதும் உள்ளேதான் இருக்கிறது. இறங்க நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பங்க்கில் டேங்கர் லாரி டீசல் இறக்கிக்கொண்டிருக்கும்போது போட வேண்டாம் என்று சொல்வதும் இதே கணக்குதான். நிலத்தடித் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் எழுந்து நிற்கும்.

இரவு செய்த வேலையை ஃபில்டர் செய்கிறது

ஆனால் எல்லா வண்டிக்கும் இரவு வாய்ப்பதில்லை. இரண்டு ஓட்டுநர்கள் மாறிமாறி ஓட்டும் வண்டி தில்லிவரை நிற்காமல் போகும். அந்த வண்டியில் இரவின் வேலையை ஒரு சிறு குப்பி, நொடிக்கணக்கில் செய்தாக வேண்டும். அதன் பெயர்தான் வாட்டர் செபரேட்டர்.

அதை எங்கே வைக்கிறார்கள் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டேங்க்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே, உறிஞ்சும் பக்கத்தில் வைப்பார்கள். பம்பைத் தாண்டினால் அதன் வேகத்தில் பெரிய துளி நூறு சிறு துளியாகச் சிதறிவிடும்; சிதறிய துளியைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஸ்டோக்ஸ் சொல்லிவிட்டாரே. எனவே தண்ணீர் பெரிய துளியாக இருக்கும்போதே மடக்குகிறார்கள்.

தப்பித்து வரும் நுண்துளிகளுக்கு வேறு வழி. இட்லிக் குண்டான் மூடியின் உட்புறத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆவி பட்டுப் பனிபோலத் துளிகள் ஒட்டும். பக்கத்துத் துளியோடு சேரும். கனம் தாங்காமல் சொட்டும். ஃபில்டரின் நுண்ணிழைகளிலும் இதுதான் நடக்கிறது. இழையில் மோதிய நுண்துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துக் கிண்ணத்துக்குள் விழுகின்றன. இன்னொரு வகை ஃபில்டரில் தாளுக்குத் தண்ணீர் ஒட்டாத பூச்சு கொடுத்திருப்பார்கள். டீசல் ஊடுருவிப் போய்விடும். தண்ணீர், தாமரை இலைமேல் உருள்வதுபோல உருண்டு அடியில் தங்கும்.

கிண்ணம் நிறைந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கிண்ணத்துக்குள் இரண்டு சிறு மின்முனைகள். டீசல் மின்சாரத்தைக் கடத்தாது. உப்பு கரைந்த தண்ணீர் கடத்தும். தண்ணீர் முனைகளைத் தொடும் அளவுக்கு ஏறியதும் சுற்று முழுமையாகி விளக்கு எரிகிறது. அந்த விளக்குக்குப் பொருள், கிண்ணத்தில் இனி இடமில்லை என்பதே. 'லோடு இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டினால், அடுத்து வரும் தண்ணீர் நேரே பம்புக்குப் போகும்.

கடையில் விற்கும் 'தண்ணீர் போக்கும்' திரவங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் சில, தண்ணீரை டீசலோடு கலக்கவைத்து என்ஜின் வழியாக எரித்து வெளியேற்றப் பார்க்கின்றன. அதாவது செபரேட்டர் எந்தத் துளியைப் பெரிதாக்கப் பாடுபடுகிறதோ அதையே பொடியாக்கித் தப்பவிடுகின்றன. பயோடீசல் கலந்த டீசலிலும் இந்தச் சிக்கல் ஓரளவு உண்டு. அது தண்ணீரைப் பல மடங்கு கூடுதலாகப் பிடித்துவைக்கும், துளிகள் ஒன்றுசேர்வதையும் மந்தமாக்கும்.

நடுவே இருந்த சாம்பல் ஏடு

பாட்டிலில் டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஏடு இருந்ததே, அது அழுக்காகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம். ஹார்மோகோனிஸ் ரெசினே என்றொரு பூஞ்சை இருக்கிறது. மண்ணெண்ணெய்ப் பூஞ்சை என்று அதற்குப் பட்டப்பெயர். டீசல் அதற்குச் சோறு. தண்ணீர் அதற்கு வீடு. இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் குடியேறி மேலே வாயும் கீழே காலுமாக வாழும். கூடவே பாக்டீரியாக்களும் சேரும். இவை விடும் அமிலம் டேங்க்கின் அடித்தகட்டை அரிக்கும். பிசுபிசுப்பான படலம் பிய்ந்துபோய் ஃபில்டரை அடைக்கும். புது ஃபில்டர் போட்ட மறுவாரமே அடைக்கிறது, உள்ளே கறுப்புக் கொழகொழப்பு என்றால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தினமும் ஓடும் லாரியில் இதற்கு அவ்வளவாக நேரம் கிடைக்காது. பருவத்துக்கு ஒருமுறை ஓடும் நெல் அறுவடை இயந்திரம், கரண்ட் போனால் மட்டும் ஓடும் ஜெனரேட்டர், மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் ரிக் வண்டி ஆகியவைதான் இதன் விளைநிலம். ஆக, ஒரு ராத்திரி நிற்பது வண்டிக்கு நல்லது. அடித்தண்ணீரை எடுக்காமல் ஒரு பருவம் நிற்பது கெடுதல். பூஞ்சைக்கு மருந்து இருக்கிறது. ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் பூஞ்சையே இல்லை.

75 கோடித் தூசு

தண்ணீருக்குத் துணையாக வருவது தூசு. உலக வாகனத் தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் சுத்த அளவின்படி ஒரு மில்லி டீசலில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் 2,500 வரை இருக்கலாம். கேட்கக் குறைவுதான். 300 லிட்டருக்குப் பெருக்கினால் 75 கோடி! இத்தனைக்கும் இது 'சுத்தமான' டீசல். மண்தூசில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் கண்ணாடியையே கீறும் கடினம் உள்ளது. 2 மைக்ரான் இடைவெளியில் அது நுழைந்தால் உப்புத்தாளின் வேலையைச் செய்யும்.

இதில் நம் பட்டறைகளில் நடக்கும் ஒரு தவறு இருக்கிறது. புது ஃபில்டர் மாட்டும்போது டீசல் குழாயில் காற்று அடைத்து ஏர் லாக் ஆகாமல் இருக்க, அதற்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பித் திருகுவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் நடுத்துளை வழியாக ஊற்றினால், அந்த டீசல் ஃபில்டர் தாளைத் தாண்டிய சுத்தப் பக்கத்தில் விழுகிறது. கேனில் இருந்த தூசு அத்தனையும் வடிகட்டப்படாமல் நேரே உயரழுத்தப் பம்புக்குப் போய்விடும். வெறும் ஃபில்டரை மாட்டிவிட்டு, கைப்பம்பை அடித்து ஏர் எடுப்பதுதான் முறை. ஐந்து நிமிடம் கூடுதலாகும். கைவலிக்கும்.

பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பது

இவ்வளவு நுட்பமான என்ஜினுக்கு இத்தனை எளிய சோதனையா என்று தோன்றலாம். அந்த வெட்டிய பாட்டில் நல்ல ஆய்வுக்கருவி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டீசல் பளிச்சென்று, பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். மூடுபனிபோல மங்கலாக இருந்தால் கரைய முடியாத தண்ணீர் துளித்துளியாக மிதக்கிறது என்று பொருள். அடியில் தனி அடுக்கு நின்றால் சந்தேகமே வேண்டாம். வழக்கமாக ஒரு விரற்கடை வரும் வண்டியில் ஒருநாள் நாலு விரற்கடை வந்தால், கடைசியாக எங்கே டீசல் போட்டோம், டேங்க் மூடியின் ரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம். பட்டறையில் இன்ஜெக்டரைக் கழற்றிய பிறகு தெரிந்துகொள்வதை, இதில் ஒரு மாதம் முன்பே தெரிந்துகொள்கிறோம். வடித்ததைத் தரையில் கொட்டாமல் ஒரு கேனில் சேர்த்துவைத்துப் பட்டறைக் கழிவெண்ணெயோடு கொடுத்துவிட வேண்டும். நாமக்கல் மண்ணிலும் கிணறு இருக்கிறது.

அன்று அந்த ஓட்டுநர் இதையெல்லாம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்க வந்தபோது, நான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. உங்களிடம் லாரி இருக்கலாம், டிராக்டர் இருக்கலாம், கடைக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் இருக்கலாம். நாளைக் காலை சாவியைத் தொடுவதற்கு முன்னால் அந்தத் திருகை அரைச்சுற்றுத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர் எழுந்துகொள்வதற்குள் பிடித்துவிட வேண்டும்.